அக்கா நேராக நின்ற படம்

என் மேசைக்கு வந்த இரண்டு கம்பிகளிலும் ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் நிம்மதியாகத் திருப்பி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன்.

முதுகு வளைந்து போன பெரியவர்களுக்கு அறுவை சிகிச்சையில் வைக்கிற கம்பிகளை எங்கள் கம்பெனியில் செய்கிறோம். செருப்புக் கடை மாதிரி ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர் என்றெல்லாம் கிடையாது. ஒவ்வொருவருடைய எக்ஸ்ரே படத்தையும் வைத்துக்கொண்டு, ஆபரேஷன் முடிந்தபின் அந்த முதுகு எப்படி நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதே வளைவில் இயந்திரம் கம்பியை வளைத்துக் கொடுக்கும். அவருக்குச் செய்தது அவருக்கு மட்டும்தான். அவர் வேண்டாம் என்றால் அது வெறும் இரும்புச் சாமான்.

என் வேலை கடைசிச் சோதனை. வளைவை அசல் அளவில் அச்சடித்த தாளின்மேல் கம்பியைக் கிடத்துவேன். கோட்டைவிட்டு அரை மில்லிமீட்டர் விலகினாலும் கம்பி வந்த வழியே போகும். பத்தொன்பது வருடமாக இதே வேலை. என் வாய்க்குப் பயந்து, இயந்திரம் ஓட்டுகிறவர்கள் இரண்டு தரம் அளந்த பிறகுதான் என்னிடம் அனுப்புவார்கள். பயப்படட்டும், நல்லதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த பெட்டியில் பெயர் இல்லை. எப்போதும் இருக்காது. ஒரு எண், ஐம்பத்தொன்பது வயது, பெண், ஆபரேஷன் வியாழக்கிழமை. எங்கள் அக்காவுக்கும் ஐம்பத்தொன்பது. அக்காவுக்கும் வியாழக்கிழமைதான். சொந்தக்காரர்கள் கேஸைத் தொடக் கூடாது என்பது இங்கே சட்டம். அப்போதே எழுந்து போய்ப் பெட்டியை வேறு ஆளிடம் கொடுத்திருக்க வேண்டும். நானோ படத்தைத் திறந்தேன்.

விலா எலும்புக்குக் கீழே, பித்தப்பையை எடுத்தபோது போட்ட நான்கு கிளிப்புகள் தெரிந்தன. அந்த ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தவள் நான். இது அக்காதான்.

படத்தில் அக்கா நிமிர்ந்து நின்றாள். கழுத்தடியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது இடுப்பெலும்பைவிட எவ்வளவு முன்னால் விழுகிறது என்பதுதான் எங்களுக்கு முதல் அளவு. படத்தில் ஆறு சென்டிமீட்டர். கொஞ்சம் கூன், அவ்வளவுதான். ஆனால் என் அக்கா வீட்டுக்குள் நடக்கிறபோது அந்தக் குண்டு அவள் கால் கட்டைவிரலுக்கும் முன்னால் விழும்.

அக்கா ஒரு துணி ஆலையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவள். முப்பத்தொரு வருடம் நீள மேசைமேல் குனிந்து நூறு மடிப்புத் துணியை ஒரே வெட்டில் வெட்டியவள். முதலில் முதுகு வலித்தது. பிறகு முதுகு குனிந்தது. பிறகு நிமிரவே இல்லை. கடைசி எட்டு வருடம் அவள் பார்த்தது எல்லாம் தரை. சமைக்கும்போது முழங்கையை மேடையில் ஊன்றிக்கொள்வாள். முகம் பார்க்கிற கண்ணாடியை இடுப்பு உயரத்துக்கு இறக்கி மாட்டியிருந்தாள். எதையாவது சாய்ந்து தள்ளிக்கொண்டு போனால் நடக்க முடிகிறது என்று ஒரு பழைய குழந்தை வண்டி வாங்கினாள். தெருவில் யாராவது ஆசையாகக் குனிந்து உள்ளே பார்த்தால் வெங்காயம் இருக்கும். "அப்படியே அவங்கப்பா ஜாடை" என்பாள் அக்கா, சிரிக்காமல்.

ஆனால் அன்று திரையில் அவள் தொடையெலும்பைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தின் அடியில் அது கொஞ்சம்தான் தெரிந்தது. தெரிந்த கொஞ்சமும் சாய்ந்திருந்தது. முட்டியை மடக்கி இடுப்பைப் பின்னால் தள்ளினால் யாரும் நிமிர்ந்த மாதிரி தெரிவார்கள், இரண்டு நிமிடத்துக்கு. படம் முட்டிக்கு மேலேயே முடிந்துவிட்டதால் மடக்கியது தெரியவில்லை. ஏமாற்று வேலை. அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

ஏன் சொல்லிக் கொடுத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் பார்த்த டாக்டர், "இவ்வளவு வளைவுக்கு நான் கை வைக்க மாட்டேன்" என்று ஃபைலை மூடிவிட்டார். இரண்டாவது டாக்டரிடம் போனபோது, எக்ஸ்ரே அறை வாசலில் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து அவள் காதில் சொன்னேன்: "அக்கா, முட்டிய லேசா மடக்கிக்கோ. மூச்சை இழுத்துப் பிடி. கொஞ்ச நேரம்தான்." வலி மாத்திரை இரண்டு போட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டு உள்ளே போனாள். பிரமாதமாக நின்றாள். டாக்டர் சம்மதித்தார்.

கம்பிக்கு எப்படியும் இன்னொரு படம் எடுப்பார்கள் என்று நினைத்தேன். வழக்கமாக எடுப்பார்கள். அக்காவின் முதல் படம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் மறுபடி எடுக்கவில்லை. என் கெட்டிக்காரத்தனம் என் மேசைக்கே கம்பியாக வந்து கிடந்தது. முதுகின் நடுவிலிருந்து இடுப்பெலும்புவரை பதினாறு திருகுகளில் பூட்டப் போகிற கம்பி, இல்லாத ஒரு முதுகுக்காகச் செய்தது. வைத்தால் அக்கா பாதிதான் நிமிர்வாள். மேலே இருக்கிற கனம் மறுபடி முன்னால் இழுக்கும். திருகு பிடுங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் கம்பி ஒடியும். மறுபடி முதுகைத் திறக்க வேண்டும். அறுபதைத் தொடப் போகிறவளுக்கு எத்தனை தடவை திறப்பார்கள்?

பெட்டி நான்கு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மணி ஒன்றரை. பேசாமல் முத்திரை போட்டுவிட்டால் என் வேலை பிழைக்கும். சொன்னால் வேலை போகும், அது போகட்டும். உண்மையான வளைவைப் பார்த்து இந்த டாக்டரும் ஃபைலை மூடிவிட்டால்? அப்புறம் எழுந்து மில்லியின் அறைக்குப் போனேன்.

மில்லி எங்கள் பிளானிங் தலைவர், படத்தைப் பார்த்து வளைவுக்குக் கணக்குப் போடுகிறவர். ஜன்னல் திரை தைக்கக் கொடுத்தால்கூட மில்லிமீட்டரில் அளவு சொல்கிற ஆள் என்பதால் அந்தப் பெயர். அவருக்கு முன்னால் யாரும் சொல்ல மாட்டோம்.

"சார், அந்தப் பெட்டி போகக் கூடாது."

"ஏன், அளவு தப்பா?"

"அளவு சரி. படம் தப்பு."

"படம் எப்படிம்மா தப்பாகும்? நானே மூணு தடவ பாத்தேன்."

"தொடையெலும்பப் பாருங்க."

படத்தைப் பெரிதாக்கினார். "மடக்கியிருக்காங்க" என்றார் மெதுவாக. "நான் விட்டுட்டேன். ஆனா இந்த வேல பேஷன்ட்டுக்கு எப்படித் தெரியும்? யாரு சொல்லிக் குடுத்தா?"

"நான். அது எங்கக்கா."

மில்லி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எத்தன வருஷமா இங்க இருக்கீங்க?"

"பத்தொன்பது."

"பத்தொன்பது வருஷம் இதையே பாத்துட்டு, சொந்த அக்காவுக்கே குழி வெட்டியிருக்கீங்களே."

அவர் என் எதிரிலேயே டாக்டருக்குப் போன் போட்டார். மறைக்காமல் எல்லாம் சொன்னார், தான் கவனிக்காமல் விட்டதையும் சேர்த்து. அந்தப் பக்கம் என்ன பேசினார்களோ, "சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்" என்று நாலு தரம் சொல்லி வைத்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டிட்டு வரச் சொல்றார். பத்து நிமிஷம் நடக்க விட்டு, அப்புறம் தலையிலேர்ந்து பாதம்வரைக்கும் படம். மாத்திரை கூடாது. அதப் பாத்துட்டுதான் ஆபரேஷன் உண்டா இல்லையான்னு சொல்வாராம்."



அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் போனபின் அவள் தனியாகத்தான் இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பையை அடுக்கி வாசலிலேயே வைத்திருந்தாள். மேடையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். முகத்தைப் பார்க்க முடியாது. உச்சந்தலையைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

"நீதானடி சொன்னே மடக்கச் சொல்லி?"

"நான்தான்."

"இப்ப நீயே போய்ச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எட்டு மாசம்டி. நாள எண்ணிட்டு இருக்கேன். இன்னும் ரெண்டு நாள் உன்னால வாய மூடிட்டு இருக்க முடியலியா?"

"அந்தக் கம்பிய வெச்சா நீ நிமிர மாட்டேக்கா."

"கொஞ்சமாவது நிமிருவேன்ல? அந்த மனுஷன் வேணாம்னு சொல்லிட்டா எனக்கு அந்தக் கொஞ்சமும் கிடையாது. உனக்கென்ன, நீ நேரா நடக்கற."

அது சுருக்கென்று தைத்தது. நான் அழுதேன். அக்கா தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"வர்றேன். நடக்கறேன்" என்றாள் கடைசியில். "ஆனா நிமிந்துதான் நடப்பேன். உன்னால ஆனதப் பாரு."

அவள் சொன்னால் செய்கிறவள். இரவு முழுக்க எனக்கு அந்தப் பயம்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வராந்தா. இந்தக் கோடியில் எக்ஸ்ரே அறை, அந்தக் கோடியில் தீயணைப்பு வாளிகள். சுவரோரம் கைப்பிடிக் கம்பி ஓடியது. அதைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிகம் பேசாத மனிதர். நெஞ்சின்மேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் மில்லி. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள், முட்டியை மடக்கினாள், இடுப்பைத் தள்ளினாள், நிமிர்ந்தாள். நடந்தாள்.

முதல் நடை போய் வந்தாள். இரண்டாவது நடை. மூன்றாவது. எனக்குத் தெரிந்து எட்டு வருடத்தில் அவள் அவ்வளவு நேரம் நிமிர்ந்து நடந்ததில்லை. மாத்திரையும் போடவில்லை. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது. என்னைக் கடக்கிறபோதெல்லாம் பார்வையை நேரே வைத்துக்கொண்டு கடந்தாள்.

ஆறாவது நிமிடம் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லாத்தானே நடக்கறாங்க?" என்று மில்லியிடம் கேட்டார். "தொடை கொஞ்சம் சாஞ்சது ஒரு பெரிய விஷயமா எனக்குத் தெரியல. நாளைக்கே வெச்சுக்கலாமா?"

மில்லி என்னைப் பார்த்தார். அக்காவும் கேட்டிருக்க வேண்டும். அவள் நடை ஒரு கணம் தயங்கி மறுபடி தொடர்ந்தது. நான் தலையை ஆட்டினால் போதும். பெட்டி இன்னும் கம்பெனியில்தான் இருந்தது. சாயங்காலத்துக்குள் வந்துவிடும். அக்காவுக்கு அவள் கேட்டது கிடைக்கும், எனக்கு என் வேலை கிடைக்கும். எல்லோருக்கும் நல்லவளாகிவிடலாம்.

"டாக்டர், பத்து நிமிஷம்னு சொன்னீங்க" என்றேன். "இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

அந்தக் கோடியில் திரும்பிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்தாள். கண்ணாலேயே எரித்துவிடுகிற பார்வை. எனக்கும் கோபம் வந்தது. நடடி, நட, எத்தனை நேரம் நடிப்பாய் என்று மனதுக்குள் திட்டினேன். திட்டியபடியே, கடவுளே இவள் விழுந்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

ஏழாவது நிமிடம் அவள் கை தானாகப் போய்த் தொடைமேல் ஊன்றியது. சட்டென்று எடுத்தாள். மறுபடி ஊன்றியது. எட்டாவது நிமிடம் முட்டி நடுங்க ஆரம்பித்தது. கைப்பிடிக் கம்பிக்கும் அவளுக்கும் ஒரு சாண்தான், தொடவில்லை. ஒன்பதாவது நிமிடம் யாரோ பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து அழுத்துகிற மாதிரி தலை இறங்கியது, தோள் இறங்கியது, வராந்தாவின் நடுவில் அவள் இரண்டாக மடிந்து நின்றாள். வீட்டில் நிற்கிற அக்கா. நான் ஓடிப்போய்த் தாங்கினேன். உதறிவிட்டாள்.

"போதுமாடி?" என்றாள் தரையைப் பார்த்து. "எடுத்துக்கச் சொல்லு படத்த."

படம் எடுத்தார்கள். இருபத்திரண்டு சென்டிமீட்டர்.

டாக்டர் தன் அறையில் இரண்டு படத்தையும் பக்கம் பக்கமாக வைத்தார். வெகுநேரம் பார்த்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஃபைலை மூடுகிறாரா என்று.

"அன்னிக்கு நானே உங்கள நடக்கவிட்டுப் பாத்திருக்கணும்" என்றார் அக்காவிடம். "பேசினது பூரா நீங்க உக்காந்திருந்தப்ப. தப்பு என்கிட்டயும் இருக்கு. இப்ப விஷயத்தச் சொல்றேன். இந்த வளைவுக்கு அந்தக் கம்பி ஆகாது. முதுகெலும்புலயே ஒரு துண்ட ஆப்பு மாதிரி வெட்டி எடுக்கணும். அப்பதான் நிமிரும். பக்கத்துலயே நரம்பு போகுது. சிலருக்குக் கால்ல பலம் குறையும். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. நான் செய்யத் தயார். ஆனா நீங்க யோசிச்சுச் சொல்லணும்."

"பழைய கம்பியவே வெச்சா?" என்று கேட்டாள் அக்கா.

"காலுக்கு ஆபத்து கம்மி. பாதிதான் நிமிருவீங்க. அதுவும் எவ்வளவு நாள்னு சொல்ல முடியாது."

அக்கா யோசிக்கவே இல்லை. "வெட்டுங்க" என்றாள். துணி ஆலையில் முப்பத்தொரு வருடம் அவளிடம் மற்றவர்கள் சொன்ன வார்த்தை அது.

புதுக் கம்பிக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அக்கா என்னோடு பேசவில்லை. சாப்பாடு கொண்டு போனால் வாங்கி வைத்துக்கொள்வாள், கதவைச் சாத்துவாள். கம்பெனியில் மில்லி நடந்ததை நடந்தபடி எழுதி மேலே அனுப்பினார். என்னைச் சோதனை மேசையிலிருந்து எடுத்துப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற இடத்தில் போட்டார்கள். வேலையைவிட்டுத் துரத்தாததே பெரிது. பழைய கம்பிகளை வேறு யாருக்கும் போய்விடாதபடி துண்டாக அறுத்துப் போட வேண்டும். அதை நீங்களே செய்யுங்கள் என்றார் மில்லி. அறுத்தேன். ஒவ்வொன்றும் மூன்று துண்டு.

ஆபரேஷன் ஒன்பது மணி நேரம். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மில்லி எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கூப்பிடவில்லை, வந்தார். மாலை ஐந்து மணிக்கு டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"முதுகு நல்லா வந்துருச்சு. கம்பி கச்சிதமா உக்காந்துது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "எழுப்பிப் பாத்தோம். வலது பாதத்த மேல தூக்க முடியல. நரம்பு இழுபட்டிருக்கு. வரலாம். இப்ப எதுவும் சொல்ல முடியாது."

நான் தலையை ஆட்டினேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் பாதம் அவளிடமே இருந்திருக்கும். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

நான்காம் நாள் அக்காவை எழுப்பி நிறுத்தினார்கள். பிசியோதெரபிக்காரப் பெண் ஒரு பக்கம், நடக்கிற ஸ்டாண்டு எதிரில். வலது காலில் பாதம் தொங்காமலிருக்கப் பட்டை கட்டியிருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை.

"மெதுவா, அக்கா. ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் அந்தப் பெண்.

அக்கா எழுந்தாள். எழுந்துகொண்டே இருந்தாள். அவள் இவ்வளவு உயரம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. தோள் நின்றது, கழுத்து நின்றது, தலை அதன்மேல் நின்றது. ஓர் அடி வைத்தாள். இடது கால் போயிற்று. வலது பாதம் தரையில் இழுபட்டது, பட்டை உரசுகிற சத்தம் கேட்டது. இன்னோர் அடி. மறுபடி அதே சத்தம். என்னால் அந்தப் பாதத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஒவ்வோர் அடிக்கும் அந்தப் பாதம் வந்துகொண்டிருந்தது, எனக்கு நேராக. எனக்கு எதிரில் வந்து நின்றது.

"கீழ என்னடி பாக்கற?" என்றாள் அக்கா.

மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நான் நிமிரவில்லை. எப்படி நிமிர்வது?

"தரைய நான் எட்டு வருஷம் பாத்துட்டேன். அங்க ஒண்ணுமில்ல. மூஞ்சியப் பாரு."

பார்த்தேன். அவள் கண் என் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.